ஏழாம் எண்ணின் முப்பத்தெட்டு நொடி

மார்ச் 4

தம்பிக்கு,

நேற்று முப்பத்தொரு பேர் முன்னால் நீ என் வேலையைச் சுவரில் படமாக மாட்டி, எல்லோரையும் சிரிக்க வைத்தாய். அக்கா என்று தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். செய்தாய். முதலில் அது தாளில் இருக்கட்டும்.

போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் நுழைப்பாய். மின்னஞ்சலும் வேண்டாம். அதையும் எடுத்து அடுத்த வகுப்பில் பயிற்சிக் கணக்காகப் போட்டுவிடுவாய். தபாலில் எழுது.

எங்கள் மருத்துவமனையின் கணினிகளுக்குள் யாராவது திருட்டுத்தனமாக நுழைகிறார்களா என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாதுகாப்பு வேலையில் டேட்டாவைப் பயன்படுத்துவது எப்படி என்று கற்றுக்கொடுக்க. கற்றுக்கொடுக்க வந்தவன் நீ. பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் 'என் தம்பி' என்று சொல்ல வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

நேற்று, இரண்டாம் நாள், எங்கள் அறையின் இரண்டு வருஷ லாக்கையே, யார் எதை எப்போது மூடினார்கள் என்று கணினி எழுதி வைக்கிற பதிவையே, எடுத்துக் கொடுத்தாய். ஆட்களின் பெயர் இல்லை, எண் மட்டும். யாரோ நுழைகிறார்கள் என்று எச்சரித்து ஒரு அலர்ட் வந்தால் அதை மூட யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று சராசரி போட்டுப் படம் வரையச் சொன்னாய். எல்லோரும் பதின்மூன்று நிமிஷம், பதினாலு நிமிஷம். ஏழாம் எண் மட்டும் முப்பத்தெட்டு நொடி. அதிலும் எல்லாமே 'போலி', வெறும் பொய் எச்சரிக்கை, என்று மூடப்பட்டவை.

"இதுல இருந்து என்ன தெரியுது?" என்று கேட்டாய்.

பின் வரிசையிலிருந்து ஒருவன், "ஏழு தூங்குது சார்! தூக்கத்துல கை பட்டு மூடிடுது!" என்றான்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. நீயும் சிரித்தாய். பிறகு மூன்றாம் எண்ணைக் காட்டி, "பாருங்க, பதின்மூன்று நிமிஷம் நாற்பது நொடி. எவ்வளவு பொறுமையா பார்த்திருக்காங்க" என்றாய்.

அட்டவணையில் ஷிப்ட் நேரமும் இருந்ததைக் கவனித்தாயா? காலை ஆறு முதல் இரண்டு வரை அந்த நாற்காலியில் ஐந்து வருஷமாக உட்கார்ந்திருப்பது நான் ஒருத்திதான். சிரித்துவிட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தது என்னைத்தான். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீயும் பார்த்தாய்.

அந்த முப்பத்தெட்டு நொடி ஏன் என்று நீ கேட்கவில்லை. படம் வரைந்த ஒருவரும் கேட்கவில்லை. அதே கூடத்தில், அதே முப்பத்தொரு பேர் முன்னால், நீ சொன்னது தவறு என்று நீ சொல்ல வேண்டும். அதுவரை எனக்குத் தம்பி இல்லை.

உன் அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

எண்களைப் போட்டுக் கொடுத்தது உங்கள் அலுவலகம். ஏழு நீதான் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் திரும்பியபோதுதான் தெரிந்தது. சிரித்தது உண்மை. பதற்றத்தில் எனக்குச் சிரிப்பு வரும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? பள்ளியில் அதற்காக எத்தனை முறை அடி வாங்கினேன்!

ஆனால் ஒன்று. நான் உன்னைப் பற்றிப் பேசவில்லை, ஒரு எண்ணைப் பற்றிப் பேசினேன். இந்தப் பயிற்சியின் அடிப்படையே அதுதான். பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள், "எனக்கு வாசனையே சொல்லிடும் சார்" என்று உட்கார்ந்திருக்கிறார்கள். மனித மூக்கை நம்பாதே, தரவைப் பார் என்று பழக்க வேண்டியிருக்கிறது. எண் எதைக் காட்டியதோ அதைச் சொன்னேன். காரணம் இருந்தால் நீ அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு, சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். நீ என் வகுப்புக்கு வந்தது இதுதான் முதல் முறை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் நீ. அதை ஒருநாளும் நீ சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் நான் என்ன படிக்கிறேன் என்றும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அன்றுவரை உனக்கு நான் 'கம்ப்யூட்டர்ல ஏதோ சொல்லித்தர்றான்'தான்.

முப்பத்தெட்டு நொடிக்குக் காரணம் எழுது. படிக்கிறேன்.

உங்கள் மேற்பார்வையாளர் அந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

நீ கொடுத்த படத்தை மேற்பார்வையாளர் கலரில் அச்சடித்து வைத்திருந்தார். எங்கள் அறையில் அவருக்குப் பெயர் 'மணிக்கூண்டு'. நேரத்தைத் தவிர வேறு எதையும் சொல்லத் தெரியாது. என்னை நிற்க வைத்து, "அம்மா, உங்க தம்பியே கண்டுபிடிச்சிட்டாரு, நான் என்ன பண்றது?" என்றார். என் தம்பி என்று அவருக்கு யார் சொன்னது? நீதான் சொல்லியிருப்பாய், பெருமையாக.

திங்கட்கிழமை முதல் நான் வாசலில் அடையாள அட்டை கொடுக்கும் மேசையில். வருகிறவர்களைக் கேமரா முன்னால் நிறுத்தி, "முகத்தை நேரா வெச்சுக்கோங்க" என்று சொல்கிறேன். என் நாற்காலியில் மூன்றாம் எண் உட்கார்ந்திருக்கிறான்.

காரணம் கேட்டாய். முதலில் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

ஒரு அலர்ட் திரையில் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் திறந்திருந்தால் சிவப்பாகும். சிவப்பு நேராக இயக்குநர் அறைத் திரைக்குப் போகும். மணிக்கூண்டுக்கு வசை விழும். அதனால் எங்கள் அறையில் ஒரே சட்டம்தான், பதினைந்துக்குள் மூடு. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அலர்ட்டை அப்படியே திறந்து வைத்துவிட்டு டீ குடிப்பார்கள், போனில் விளையாடுவார்கள். பதினாலாவது நிமிஷம் நெருங்கும்போது பார்க்காமலே மூடுவார்கள். நீ பொறுமை என்று புகழ்ந்தாயே மூன்றாம் எண், அவன் அந்தப் பதின்மூன்று நிமிஷம் நாற்பது நொடியில் போனில் வண்ண உருண்டைகளை வரிசையாக அடுக்குவான். நூற்றுப்பதினேழாவது கட்டத்தில் இருக்கிறானாம். அறையே கைதட்டியது.

ஒரு அலர்ட்டை ஒழுங்காகப் பார்க்க எனக்குப் பதினைந்து நிமிஷம் போதாது. சிலதற்கு ஒரு மணி நேரம். அதனால் வந்தவுடன் மூடிவிடுவேன், அந்த முப்பத்தெட்டு நொடியில். கடிகாரத்தின் தொல்லை தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் என் வேலை தொடங்கும். எந்த லாகின் கணக்கு, எந்தக் கணினி, எந்த நேரம், வழக்கமாக எத்தனை முறை, இன்றைக்கு எத்தனை. எல்லாம் என் நோட்டில். பதினோரு நோட்டு. நீ மூன்று நாளில் கற்றுக்கொடுத்த அட்டவணையும் சராசரியும் நானாகக் கண்டுபிடித்து ஐந்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு டேட்டா அனலிடிக்ஸ் என்று பெயர் இருப்பது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேள். மூடுவதற்கு இரண்டு பொத்தான்தான், 'உண்மை', 'போலி'. 'உண்மை' அழுத்தினால் மூன்று பக்கப் படிவம், மணிக்கூண்டின் கையெழுத்து. வந்த புதிதில் பதினாலு முறை அழுத்தினேன். "நீங்க வந்ததுல இருந்துதாம்மா இந்த ஆஸ்பத்திரிக்குத் திருடனே வர்றான்" என்றார். அன்றிலிருந்து 'போலி'யில்தான் மூடுவேன். பிறகு போனை எடுத்து, அந்தந்தப் பிரிவில் சொல்லிக் கணக்கைப் பூட்ட வைப்பேன். வேலை நடந்தால் போதாதா, பொத்தான் எதைச் சொன்னால் என்ன என்று இருந்தேன். நீ எடுத்த இரண்டு வருஷத்தில் நான் 'போலி' என்று மூடியவற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு உண்மை. நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது.

இப்போது உன் மூன்றாம் நாள் பாடத்தை நினைத்துப் பார். பழைய லாக்கைக் கணினிக்குக் கொடுத்து, எது போலி என்று அதுவே கற்றுக்கொண்டு ஒதுக்கும்படி ஒரு நிரல் செய்ய வைத்தாய். அது யாரிடம் கற்றது? என் பொத்தானிடம். அதைத்தான் எங்கள் அறையில் ஓடவிடப் போகிறார்கள்.

அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாமே என்கிறாய். எழுந்து பேசி, உன் சோற்றில் மண்ணைப் போட எனக்கு மனம் வரவில்லை. இப்போது வருகிறது.

நோட்டு வேண்டுமானால் முப்பத்தொரு பேரைக் கூட்டு. பேசு. பிறகு தருகிறேன்.

உன் அக்கா

மார்ச் 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மூன்றாம் எண் விஷயம் படித்தபோது காது சூடாகிவிட்டது. ஆறு ஊர்களில் அந்தந்த ஊர் லாக்கை வைத்து இதே மாதிரிப் படத்தைப் 'பொறுமைக்கு எடுத்துக்காட்டு' என்று காட்டியிருக்கிறேன். நேரம் எடுத்தால் கவனம், எடுக்காவிட்டால் அலட்சியம் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். அது என் தப்பு. எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

முப்பத்தொரு பேரையும் என்னால் கூட்ட முடியாது. அவர்கள் உங்கள் மருத்துவமனையின் ஆட்கள். என்னை அனுப்புகிற பயிற்சி நிறுவனத்தில் கேட்டேன். "சார், கொடுத்த டேட்டாவே தப்புன்னு நாமளே போய்ச் சொன்னா, அடுத்த பயிற்சிக்கு யாரு கூப்பிடுவா?" என்றார்கள். எல்லோருக்கும் ஒரு விளக்கக் கடிதம் அனுப்புகிறேன். அதற்கு ஒப்புக்கொள். நோட்டைக் கொடு. நிரல் ஓடத் தொடங்குவதற்குள் அந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் திருத்திவிடலாம். ஒரு வாரம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். அழைப்பு மணியை மூன்று முறை அடித்தேன். உள்ளே குக்கர் விசில் போட்டது. விசிலை நிறுத்த நீ எழுந்து போன காலடிச் சத்தமும் கேட்டது. அரை மணி நேரம் படியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மேல்வீட்டு அம்மா, "சாவி தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீ கோபப்படுவாய், இருந்தாலும் எழுதுகிறேன். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்? நான் அகப்பை. சட்டியில் போட்டது நீ. இரண்டு வருஷம், இருநூற்றுப் பன்னிரண்டு முறை, உண்மை என்று தெரிந்தே 'போலி'யை அழுத்தினாய். கேட்டால் மணிக்கூண்டு திட்டினார் என்கிறாய். மற்றவர்கள் சோம்பலால் பொய் சொன்னார்கள், நீ வீம்பால் சொன்னாய். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

உன் நோட்டை வேறு யாராவது ஒருநாளாவது பார்த்ததுண்டா? அறையில் உன் பக்கத்து நாற்காலிக்காரிக்காவது காட்டினாயா? நாளைக்கு உனக்கு ஒன்று ஆனால் அந்தச் சிவப்பு மை யாருக்கு?

தம்பி

மார்ச் 26

தம்பிக்கு,

விளக்கக் கடிதம் வேண்டாம். எல்லார் முன்னாலும் கரி பூசிவிட்டு, தனித்தனியாகத் தபாலில் சோப்பு அனுப்புகிறாயா?

நிரல் திங்கட்கிழமையே ஓடத் தொடங்கிவிட்டது. அட்டை மேசையிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவு வழியாகப் பெரிய திரை தெரியும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது அலர்ட் வந்த இடத்தில் இப்போது இருபது. மணிக்கூண்டுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தீங்களாம்மா, எவ்ளோ அமைதியா இருக்கு!" என்று எனக்கே வந்து சொன்னார். மூன்றாம் எண்ணுக்குப் பதவி உயர்வு. போனில் விளையாட இன்னும் நேரம்.

உன் மனைவி கூப்பிட்டாள். "அண்ணி, ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி பண்ணாதீங்க. யாராவது ஒருத்தர் இறங்கி வாங்க" என்றாள். நல்ல பெண். நான் இறங்க மாட்டேன் என்று அவளிடமே சொன்னேன். பதினெட்டு வயதில் இதே மருத்துவமனையின் டெலிபோன் போர்டில் அழைப்பு இணைக்க உட்கார்ந்து, போர்டைப் பிடுங்கிய பிறகு யாரும் தொடாத கணினிப் பாதுகாப்புக் கையேட்டைத் தானாகப் படித்து, அந்த அறைக்குள் போனவள் நான். எனக்கு எவனும் பயிற்சி கொடுக்கவில்லை. என் வேலையைத் தூக்கம் என்றவர்கள் முன்னால் அதன் மரியாதை திரும்பி வர வேண்டும்.

வீம்பு என்று எழுதினாய். அதற்குப் பதில் எழுத நான்கு நாள் பேனாவைத் திறந்து வைத்துப் பார்த்தேன். எழுத வரவில்லை. அதனால் அதை நான் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே.

நீ படியில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நோட்டு பத்திரமாக இருக்கிறது. கூட்டம் போட்ட அன்றைக்கு உன் கைக்கு வரும்.

உன் அக்கா

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

இரண்டு நாளாக நீங்கள் எல்லோரும் என்ன பட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் என்னை அழைத்து உள்ளே உட்கார வைத்தார்கள். அட்டை மேசையைக் கடந்துதான் போனேன். முகத்தை நேராக வைக்கச் சொன்னாய். வைத்தேன்.

பார்த்ததை எழுதுகிறேன். இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வெளி நிறுவனத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அதன் வழியாக நுழைந்திருக்கிறார்கள். வழக்கமில்லாத நேரம், வழக்கமில்லாத கணினி. நான்கு நாளில் பதினோரு அலர்ட் வந்திருக்கிறது. பதினொன்றையும் நிரல் ஒதுக்கிவிட்டது, ஒரு மனிதக் கண்ணிலும் படவில்லை. ஏன் ஒதுக்கியது என்று நோண்டிப் பார்த்தேன். இதே மாதிரி அலர்ட்டுகளை ஏழாம் எண் எப்போதும் முப்பத்தெட்டு நொடியில் 'போலி' என்று மூடியிருக்கிறார். அதிலிருந்து கற்றிருக்கிறது.

ஐந்தாம் நாள் நுழைந்தவர்கள் பரிசோதனைக் கூடத்தின் கணினிகளைப் பூட்டிவிட்டார்கள். முடிவுகளைக் கையால் எழுதி, ஆட்கள் மாடி ஏறி இறங்கிக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. காத்திருக்கும் அறையில் ஒருவர் என் சட்டைப் பையில் இருந்த அட்டையைப் பார்த்து, நான் பரிசோதனைக் கூடத்து ஆள் என்று நினைத்து, "சார், என் வீட்டுக்காரம்மா நேத்துல இருந்து சாப்பிடாம இருக்காங்க. இன்னைக்காவது பண்ணுவாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா.

மேற்பார்வையாளர் எழுதிய விசாரணை அறிக்கையின் முதல் வரைவு, நான் சரிபார்க்க, என் கையில் இருக்கிறது. 'ஏழாம் எண் பார்வையாளரின் தவறான முந்தைய முடிவுகளே முதன்மைக் காரணம்.' அதற்கு ஆதாரம் என் படம். பதினைந்து நிமிஷச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மணிக்கூண்டு ஏன் எழுதப்போகிறார்?

பதினேழாம் தேதி அந்த முப்பத்தொரு பேருக்கும் மறுபயிற்சி வைத்திருக்கிறார்கள். அதே கூடம். நான் எழுந்து பேசுகிறேன். நிறுவனம் என்னை வைத்துக்கொண்டாலும் சரி, அனுப்பிவிட்டாலும் சரி. ஆனால் நோட்டு இல்லாமல் நான் பேசினால், அக்காவுக்குத் தம்பி சப்பைக்கட்டு கட்டுகிறான் என்பார்கள்.

இன்னொன்று. மார்ச் இருபத்தொன்றில் நோட்டைக் கேட்டேன். கொடுத்திருந்தால் தடுத்திருக்கலாம். நீ கேட்டபோதே நான் முப்பத்தொரு பேரையும் கூட்டியிருந்தாலும் தடுத்திருக்கலாம். எது முதலில் என்று நாம் இரண்டு பேரும் சாகும்வரை சண்டை போடலாம்.

தம்பி

ஏப்ரல் 11

தம்பிக்கு,

பழுதுபார்ப்பவர்களின் கணக்கு எட்டாவது நோட்டில் நாலு இடத்தில் இருக்கிறது. நாலும் சிவப்பு. நாலு தடவையும் நான் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து பூட்ட வைத்தேன். உன் கடிதம் வந்ததும் எடுத்துப் பார்த்தேன்.

அந்த இரண்டு நாளும் நான் வாசலில்தான் இருந்தேன். பத்தொன்பது குடும்பமும் என் மேசையில்தான் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. "வரோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். அதற்கெல்லாம் இப்போது நேரம் இல்லை. செய்ய வேண்டியவை இருக்கின்றன. யார் எதை என்று எழுதுகிறேன்.

நீ செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வா. கதவு திறந்திருக்கும். பதினோரு நோட்டையும் இங்கேயே உட்கார்ந்து படி, வெளியே எடுத்துப்போகக் கூடாது. என் கையெழுத்து புரியாத இடத்தில் கேள், நீயாக நினைத்துக்கொள்ளாதே. இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திருத்தி, நிரலுக்கு மறுபடி கற்றுக்கொடு. அது முடியும்வரை நிரலை நிறுத்தி வைக்கும்படி இயக்குநருக்கு நீயே எழுது. மணிக்கூண்டு வழியாக அனுப்பாதே.

உன் பயிற்சியில் அந்தப் படத்தைக் கிழிக்க வேண்டாம், இருக்கட்டும். ஆனால் படம் வரையும் முன் உன் மாணவர்கள் ஒவ்வொருவரும் அலர்ட் பார்க்கிற ஒருவர் பக்கத்தில் ஒரு முழு ஷிப்ட் உட்கார வேண்டும். பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு வரையட்டும். அந்த ஆறு ஊர்களுக்கும் நீ எழுத வேண்டும். அவர்கள் யாரை நாற்காலியிலிருந்து எழுப்பினார்கள் என்று விசாரித்துக்கொண்டு எழுது.

மணிக்கூண்டு பதினைந்து நிமிஷச் சிவப்பை எடுக்க வேண்டும். இரண்டு பொத்தானுக்கு நடுவில் மூன்றாவது ஒன்று வைக்க வேண்டும், 'மூடிவிட்டேன், இன்னும் பார்க்கிறேன்' என்று. செய்ய மாட்டார். அதனால் அறிக்கையில் அதையும் நீ எழுதி, அவரைக் கையெழுத்துப் போட வை. நேரம் குறிப்பிட்டுக் கேள், அது அவருக்குப் புரியும்.

மூன்றாம் எண் அந்தப் பதின்மூன்று நிமிஷத்தில் என்ன செய்தான் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லி நான் கேட்டுவிட்டேன். "அக்கா, எல்லாருந்தானே அப்படிப் பண்ணோம்" என்றான். அதைத்தான் சொல்லு என்றேன். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அதை நீ பார்த்துக்கொள்.

என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு நாளை முதல் நோட்டைக் காட்டுகிறேன். என் மதிய உணவு இடைவேளை, அவள் மதிய உணவு இடைவேளை. அட்டை மேசையில்தான் இடம்.

அந்தப் பத்தொன்பது பேருக்கும் என்ன நடந்தது என்று மருத்துவமனை எழுத்தில் சொல்ல வேண்டும். யார் எழுதுவது என்று இயக்குநரிடம் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை. பதினாறாம் தேதிக்குள் வராவிட்டால் நீயும் நானும் எழுதுகிறோம். முதலில் என் கையெழுத்து, கீழே உன்னுடையது.

பதினேழாம் தேதி, அதே கூடம். நீ முதலில் எழுந்து, நீ கேட்காத கேள்வியைச் சொல். நீ உட்கார்ந்த பிறகு, அந்த முப்பத்தொரு பேர் முன்னால், உண்மை என்று தெரிந்தே இருநூற்றுப் பன்னிரண்டு முறை 'போலி' என்று அழுத்தினேன் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அது நான்.

உன் அக்கா